கெர்னலில் வசதி இல்லை, டெஸ்ட் தோற்கிறது: ஸ்கிப் போட்டுவிடலாமா?

வாசகர் கேள்வி, வடபழஞ்சியிலிருந்து. ஜூன் 3, 2024

நகைக்கடைகளுக்கான பில்லிங், இருப்புக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். புது சர்வரில் எல்லா டெஸ்டும் தேறுகின்றன. பழைய சென்ட்ஓஎஸ் 7 (ரெட்ஹாட் 7இன் இலவச மறுவடிவம்) பெட்டியில், கெர்னல் (இயங்குதளத்தின் கரு) 3.10, ஒரு கொத்து தோற்கிறது. பெரும்பாலும் பிழை எண் 38, சிலவற்றில் 95. டாக்கருக்குள், அதாவது கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள், ஓட்டினால் வேறொரு கொத்து தோற்கிறது. என் யோசனை இது: தொடக்கத்திலேயே கெர்னல் எண்ணைப் பார்ப்போம். 5க்குக் கீழே என்றால் மொத்தத்தையும் ஓட்டாமல் ஸ்கிப் செய்துவிடுவோம். மேலாளருக்கும் இது பிடித்திருக்கிறது. சரிதானே அண்ணே?

ஜூன் 4, 2024

சரியில்லை தம்பி. ஸ்கிப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பழைய பெட்டி உங்கள் அலுவலகத்து மூலையில் கிடப்பதா, அல்லது தெற்கு ஆவணி மூல வீதியில் உங்கள் வாடிக்கையாளர் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும் பெட்டிக்கு நிகரானதா?

இரண்டாவது என்றால் உங்கள் டெஸ்ட் பொய் சொல்லவில்லை. நிரல் கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்பதுதான் அழைப்பு. 38 என்றால் கெர்னல் "அப்படி ஓர் அழைப்பே என்னிடம் கிடையாது" என்கிறது. டெஸ்டில் வரும் அதே 38, கடையில் நிரல் ஓடும்போதும் வரும். நீங்கள் டெஸ்டை ஸ்கிப் செய்யலாம், கடைக்காரரை ஸ்கிப் செய்ய முடியாது. அங்கே வேண்டியது மாற்று வழி: புதிய அழைப்பு கிடைக்காவிட்டால் பழைய முறையில் அதே வேலையைச் செய்யும் நிரல். டெஸ்ட் அந்த மாற்று வழியைச் சோதிக்க வேண்டும்.

டெஸ்ட் மட்டுமே அந்த வசதியைக் கேட்கிறது, நிரலுக்கு அது தேவையில்லை என்றால்தான் ஸ்கிப்புக்கு நியாயம் உண்டு. அல்லது நிரலில் அது ஒரு கூடுதல் வசதி, இல்லாத இடத்தில் அணைந்துவிடும் என்று வாடிக்கையாளரிடமே சொல்லியிருக்க வேண்டும். தோற்ற ஒவ்வொரு டெஸ்டையும் இந்த மூன்றில் எதில் சேரும் என்று பிரித்துப் பாருங்கள். ஒருநாள் வேலை. அதைச் செய்யாமல் ஸ்கிப் பற்றிப் பேசுவது வீண்.

ஜூன் 4, இரவு

மேலாளருக்குப் பச்சை (எல்லா டெஸ்டும் தேறிய அறிக்கை) வேண்டும் என்றால் டெஸ்ட் அடைவு முழுவதையும் அழித்துவிடுங்கள். அதைவிடப் பச்சை கிடையாது.

ஜூன் 6, 2024

கெர்னல் எண்ணைப் பார்ப்பதில் என்ன தவறு என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எண் இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

முதலில் பழைய எண், புதிய வசதி. ஓர் அடைவின் மேல் இன்னொன்றை அடுக்கிக் காட்டும் ஓவர்லே கோப்பு முறைமை மூலக் கெர்னலில் சேர்ந்தது 3.18இல். ஆனால் ரெட்ஹாட் 7இன் கெர்னல், பெயரளவில் 3.10, அதைப் பின்னோக்கி இழுத்து வைத்திருக்கிறது. டாக்கர் அதன் மேல்தான் ஓடியது. நீங்கள் "3.18க்குக் கீழ் என்றால் ஸ்கிப்" என்று எழுதியிருந்தால் வேலை செய்கிற வசதியைச் சோதிக்காமல் விட்டிருப்பீர்கள். அதே பெட்டியில் இன்னொரு விவரம்: எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை வட்டை எஃப்டைப் என்ற விருப்பம் 0 என்று வைத்து வடிவமைத்திருந்தால் அதே கெர்னலில் ஓவர்லே ஒழுங்காக ஓடாது. கெர்னல் ஒன்றே, வட்டு வேறு, விடை வேறு. எண்ணுக்கு இது எப்படித் தெரியும்?

அடுத்து புதிய எண், இல்லாத வசதி. ஐஓ-யூரிங், படிக்கும் எழுதும் வேலைகளை வரிசையாகக் கெர்னலிடம் ஒப்படைக்கும் வசதி, 5.1இல் வந்தது, 2019. உங்கள் விதிப்படி கெர்னல் 6 என்றால் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆனால் டாக்கரின் இப்போதைய இயல்பு சீக்காம்ப் பட்டியல் (எந்த அழைப்புகளை விடலாம் என்ற பட்டியல்) அதைத் தடுக்கிறது. 6.6 முதல் நிர்வாகி ஒரே அமைப்பில் அதை இயந்திரம் முழுக்க அணைக்கவும் முடியும். ஆக, புத்தம் புதிய கெர்னலில் உங்கள் டெஸ்ட் தோற்கும், "5க்கு மேல்தானே இருக்கிறது" என்று நீங்கள் விழிப்பீர்கள்.

இயங்குதளத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்வது இதைவிட மோசம். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்தது. பெயர்ப் பட்டியலில் இல்லை என்பதற்காக அதை "அறியாத இயங்குதளம்" என்று ஒதுக்கிப் பாதி டெஸ்டைத் தாண்டிய ஒரு நிரல் என் கையில் வந்தது. அந்தச் சரிபார்ப்பை எடுத்துவிட்டு ஓட்டினேன். எல்லாம் தேறின.

ஜூன் 7, 2024

அப்படியென்றால் என்ன செய்வது? கேட்டுப் பாருங்கள். அந்த வசதியையே, அந்த அடைவிலேயே, ஒருமுறை பயன்படுத்திப் பார்த்துவிட்டு விடையை வைத்து முடிவெடுங்கள். பைத்தான் மொழியின் சொந்த டெஸ்ட் தொகுப்பு இதைத்தான் செய்கிறது. குறியிணைப்பு (வேறொரு கோப்பைச் சுட்டும் கோப்பு) உருவாக்க முடியுமா என்று அறிய, ஒன்றை உருவாக்கிப் பார்த்து அழித்துவிடுகிறது. இயங்குதளப் பெயரை நம்புவதில்லை.

ஆனால் கேட்கிற விதத்தில் கவனம் வேண்டும். இரண்டு எடுத்துக்காட்டு.

ஐபிவி6, இணைய முகவரியின் புதிய வடிவம். சாக்கெட் (வலைத் தொடர்பின் வாசல்) திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கெர்னலைத் துவக்கும்போதே ஐபிவி6 அணைக்கப்பட்டிருந்தால் சாக்கெட்டே திறக்காது, பிழை 97. ஆனால் 26க்கு முந்தைய டாக்கரின் வழக்கமான வலைப்பின்னலில் சாக்கெட் சமர்த்தாகத் திறக்கும். அதை இயந்திரத்தின் உள் முகவரியோடு இணைத்துக் கட்டப் போகும்போதுதான் 99 என்று கைவிரிக்கும். எனவே கட்டும் வரை போய்ப் பார்க்க வேண்டும்.

ஓ-டெம்ப்ஃபைல். பெயரில்லாத தற்காலிகக் கோப்பு, 3.11இல் வந்தது. வசதி அறியாத கெர்னலில் 38 வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஏனென்றால் ஓப்பன் என்ற அழைப்பு அங்கே இருக்கத்தான் செய்கிறது, அதோடு தரும் குறிப்பான கொடிதான் புதிது. அந்தக் கொடிக்குள் "இது அடைவு" என்ற பழைய பிட்டையும் சேர்த்தே வைத்தார்கள். அதனால் பழைய கெர்னல் "இது அடைவாயிற்றே, எழுதத் திறக்க முடியாது" என்று 21 தரும். கெர்னல் புதிது, ஆனால் கோப்பு முறைமைக்கு அது தெரியாது என்றால் 95. என்எஃப்எஸ் (வலைப்பின்னல் வழிக் கோப்பு முறைமை) பகிர்வில் டெஸ்ட் அடைவை வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ரெட்ஹாட் இந்தக் கொடியையும் அந்த 3.10க்குப் பின்னோக்கி இழுத்து வைத்திருந்தால், வடபழஞ்சித் தம்பியின் 95களில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தற்காலிக அடைவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஆக விதி: இந்த வசதிக்கு "இல்லை" என்று பொருள்படும் எண்கள் எவை என்று கையேட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவை வந்தால் ஸ்கிப். வேறு எது வந்தாலும் தோல்வி.

ஜூன் 8, 2024

ஆமாம், பிழை வந்தாலே ஸ்கிப் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அந்த டெஸ்ட் தோற்கவே தோற்காது. வைத்திருப்பதற்குக் காரணம் எனக்குப் புரியவில்லை.

ஜூன் 11, 2024

ஜூன் 7 குறிப்பைச் சற்று இறுக்க வேண்டியிருக்கிறது. பிழை எண் 1 பற்றி நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாநகரிலிருந்து ஒருவர் அதைத்தான் கேட்டிருக்கிறார்: "அனுமதி இல்லை" என்று வந்தால் ஸ்கிப்பா, தோல்வியா?

மளிகைக் கடையில் "சரக்கு இல்லை" என்பது வேறு, "உனக்குத் தருவதற்கில்லை" என்பது வேறு. 38 முதலாவது, 1 இரண்டாவது. முதலாவதைக் கேட்டால் அடுத்த கடைக்குப் போவோம். இரண்டாவதைக் கேட்டால் சண்டை போடுவோம். நிரல்களும் அப்படித்தான்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிய வலியைத் தந்தது என்பதற்கு குளோன்3 சான்று. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.34 புது திரி (நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி) தொடங்க முதலில் குளோன்3 அழைப்பை முயன்றது. 38 வந்தால் பழைய குளோனுக்கு இறங்கிவிடும். ஆனால் அன்றைய டாக்கரின் சீக்காம்ப் பட்டியலுக்கு குளோன்3 தெரியாது. தெரியாததற்கெல்லாம் அது 1 என்று விடை சொன்னது. ஜிலிப்சி அதை மறுப்பாக எடுத்துக்கொண்டது, இறங்கவில்லை. புது உபுண்டு, ஃபெடோரா பிம்பங்களைப் பழைய டாக்கரில் ஓட்டியவர்களுக்குத் திரியே தொடங்கவில்லை. டாக்கர் 20.10.10இல் சரிசெய்தார்கள்: குளோன்3க்கு இனி விடை 38. தம்பியின் இரண்டாவது கொத்து, டாக்கருக்குள் மட்டும் தோற்பது, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் உங்கள் டெஸ்டில் கை வைக்கவே வேண்டாம், டாக்கரைப் புதுப்பியுங்கள்.

இதற்கு நேர்மாறான வழக்கும் உண்டு. ஃபேட் வடிவிலுள்ள பென்டிரைவில் குறியிணைப்பு உருவாக்கிப் பாருங்கள். அங்கே வசதியே கிடையாது, ஆனால் வருவது 1. கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. எனவே 1 என்ற எண்ணுக்கு ஒரே பொருள் இல்லை.

கோ மொழிக்காரர்கள் தங்கள் உள் டெஸ்ட்களுக்கு "இந்த அழைப்புக்கு ஆதரவில்லையா" என்று பிழையைப் பார்த்துச் சொல்லும் ஒரு சார்பு வைத்திருக்கிறார்கள். அது அனுமதிப் பிழையையும் ஆதரவின்மையாகவே எடுத்துக்கொள்கிறது, கன்டெய்னர்களுக்காக. அவர்களுக்கு அது பொருந்தும். எங்கெல்லாமோ ஓட வேண்டிய தொகுப்பு அது. நம்மைப் போல இரண்டு மூன்று வகை இயந்திரங்கள் மட்டுமே வைத்திருப்பவர்கள் 1 வந்தால் தோல்வி என்றே வைத்துக்கொள்ளலாம். காரணம் தெரிந்த இடத்தில் மட்டும், அந்த இடத்தின் பெயர் எழுதி, விலக்குக் கொடுங்கள்.

ஜூன் 15, 2024

இப்போது எனக்குக் கோபம் வரும் பகுதி.

கப்பலூரில் ஒரு தொழிற்சாலைக்கு எடை இயந்திரங்களிலிருந்து கணக்கு சேகரிக்கும் நிரல். அங்கே ஒரு டெஸ்ட் இயந்திரம், இரவில் தானே ஓடும். ஐபிவி6 டெஸ்ட்கள் முறையாகக் கேட்டுப் பார்த்து, இல்லாவிட்டால் ஸ்கிப் ஆகும்படி எழுதப்பட்டவை. குறையே சொல்ல முடியாது. இடையில் வலைப்பின்னல் பார்க்கும் ஒருவர் ஏதோ காரணத்துக்காக அந்த இயந்திரத்தில் ஐபிவி6ஐ அணைத்திருக்கிறார். டெஸ்ட்கள் அமைதியாக ஸ்கிப் ஆயின. அறிக்கை பச்சை. மாதக் கணக்கில் பச்சை. அதற்குள் யாரோ முகவரியையும் போர்ட்டையும் ஒட்டும் வரியை மாற்றிவிட்டார்கள். ஐபிவி6 முகவரிக்குச் சதுர அடைப்பு போட்டுத்தான் போர்ட் எண்ணை ஒட்ட வேண்டும்; இல்லாவிட்டால் முகவரி எங்கே முடிகிறது என்றே தெரியாது. அடைப்பு போய்விட்டது. தொழிற்சாலையில் ரவுட்டரை மாற்றிய அன்று எடைக் கணக்கு நின்றது. அதைப் பிடிக்கவென்றே எழுதிய டெஸ்ட் தொகுப்பில் உட்கார்ந்திருந்தது, ஸ்கிப் ஆகிக்கொண்டு.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த ஏற்பாடு: குறைந்தது ஓர் இயந்திரத்தில் ஸ்கிப் செய்ய அனுமதி இல்லை. ஒரு சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) வைத்திருக்கிறேன். அது அமைந்திருந்தால், ஸ்கிப் செய்யும் அந்தப் பொதுச் சார்பு ஸ்கிப்புக்குப் பதிலாகத் தோல்வி தரும். அந்த இயந்திரத்தில் எல்லா வசதியும் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு. மற்ற இயந்திரங்கள் விருப்பம்போல் ஸ்கிப் செய்துகொள்ளட்டும். ஆனால் காரணம் எழுதிச் செய்யட்டும். "ஆதரவில்லை" என்பது காரணம் அல்ல. எந்த அழைப்பு, எந்த அடைவில், எந்த எண் வந்தது என்று இருக்க வேண்டும். பைத்தானின் டெஸ்ட் ஓட்டியான பைடெஸ்டில் ஆர்-எஸ் விருப்பம் கொடுத்தால் ஸ்கிப் காரணங்களைக் கடைசியில் அச்சிடும். அதைக் கொடுக்காமல் ஓட்டுபவர்களுக்கு வெறும் எண்ணிக்கைதான் தெரியும். எண்ணிக்கையை யார் படிக்கிறார்கள்?

ஜூன் 16, 2024

ஷெல்லில் டெஸ்ட் எழுதுபவர்களுக்கு: ஆட்டோமேக் என்ற கட்டமைப்புக் கருவியில் வெளியேறும் எண் 77 என்றால் ஸ்கிப், 99 என்றால் டெஸ்டே ஓட முடியாத அளவு கோளாறு. கெர்னலின் சொந்த டெஸ்ட்களில் ஸ்கிப் 4. லினக்ஸைச் சோதிக்கும் எல்டிபி தொகுப்பில் 32. உலகம் ஒத்துப்போகவில்லை. ஜூன் 7இல் சொன்ன 99 முகவரிப் பிழைக்கும் ஆட்டோமேக்கின் 99க்கும் உறவு இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரஸ்ட் மொழியின் இயல்பு டெஸ்ட் ஓட்டியில் ஓடும்போது ஸ்கிப் என்று சொல்லவே வழியில்லை. முன்கூட்டி ஒதுக்கி வைக்கலாம், அவ்வளவுதான். எனவே பலர் ஒரு வரி அச்சிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது "தேறியது" என்று பதிவாகும், அச்சிட்ட வரியையும் ஓட்டி விழுங்கிவிடும். ரஸ்டில் எழுதுபவர்கள் மேலே சொன்ன சூழல் மாறியை வைத்துக்கொள்வது இன்னும் அவசியம்.

ஜூன் 22, 2024

நகைக்கடை என்றதும் தமிழ்க் கோப்புப் பெயர் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சற்று விலகல்தான், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த தோல்வி இது.

பொருள்வாரியாக ஒரு கோப்பு. பழைய மேக் ஒன்றில், எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு, டெஸ்ட் ஓட்டினோம். வளையல் தேறியது, சங்கிலி தேறியது. கொலுசு, தோடு, மோதிரம் மூன்றும் தோற்றன. கோப்பு இருக்கிறது, பெயர் சொல்லித் திறந்தால் திறக்கிறது. அடைவுப் பட்டியலில் தேடினால் மட்டும் காணோம். விடை ஒகர ஓகாரக் குறிகளில் இருந்தது. யூனிகோடில் அவற்றை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். எச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்தே சேமிக்கும். நாம் கொடுத்த "கொலுசு" ஆறு குறிகள், பட்டியலில் திரும்பி வந்தது ஏழு. கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு வேறு. 2017இல் மேக்குக்கு வந்த புதிய கோப்பு முறைமையான ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது.

இதற்கு ஒருவர் "மேக் என்றால் ஸ்கிப்" போட்டு வைத்திருந்தார். இது இல்லாத வசதி அல்ல, நிரலின் பிழை. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு வரி வேலை.

உண்மையிலேயே எல்லை குறுகிய இடமும் உண்டு. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4இல் கோப்புப் பெயர் 255 பைட் வரை போகும். தமிழ்க் குறி ஒன்றுக்கு யூடிஎஃப்-8இல் மூன்று பைட், எனவே 85 குறிகள். பழைய உபுண்டுவில் வீட்டு அடைவை மறையாக்கம் செய்து வைத்திருந்தால், ஈகிரிப்ட்எஃப்எஸ், 143 பைட்தான். 47 குறியோடு சரி. ஆங்கிலப் பெயர் வைத்துச் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. "ஆண்டாள் கொண்டை" முதல் வாடிக்கையாளர் பெயர் வரை சேர்த்து நீளமாகப் பெயர் வைக்கும் கடையில் பிழை 36 வந்து நிற்கும். இங்கே எல்லையைக் கணினியிடமே கேட்கலாம், அதற்கென்று அழைப்பு இருக்கிறது. கேட்டு, நீளத்தை அதற்கேற்ப வைத்து டெஸ்ட் எழுதினால் ஸ்கிப்புக்கே இடமில்லை.

ஜூன் 30, 2024

இன்றோடு சென்ட்ஓஎஸ் 7க்கு ஆதரவு முடிகிறது. "இனி எதற்கு மாற்று வழி?" என்று வடபழஞ்சித் தம்பி மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். ஆதரவு நிறுத்தியவர்கள் நிறுத்திவிட்டார்கள், கடையில் பெட்டியை யார் மாற்றினார்கள்? தீபாவளி வரைக்கும் அந்தப் பெட்டி ஓடும். பந்தயம்.

ஆனால் அவர் தொடர்ந்து கேட்டிருப்பது நல்ல கேள்வி. பழைய பெட்டியை அலுவலகத்திலிருந்து எடுத்துவிட்டால் மாற்று வழி நிரலை எங்கே சோதிப்பது? புது கெர்னலில் புதிய அழைப்பு எப்போதும் வெற்றி பெறும், மாற்று வழிக்குள் நிரல் நுழையவே நுழையாது. ஓடாத நிரல் கெட்டுப்போகும்.

எஸ்ட்ரேஸைப் பயன்படுத்துங்கள். அழைப்புகளை வேடிக்கை பார்க்கும் கருவி என்றே பலருக்குத் தெரியும். 4.16 பதிப்பு முதல் இன்ஜெக்ட் என்ற விருப்பம் இருக்கிறது: குறிப்பிட்ட அழைப்புக்குக் குறிப்பிட்ட பிழையைத் திருப்பிக் கொடு என்று சொல்லலாம். கோப்பு விவரம் கேட்கும் ஸ்டாட்எக்ஸ் அழைப்பு கெர்னல் 4.11இல் வந்தது, அதற்கு 38 கொடுக்கச் சொல்லி உங்கள் நிரலை ஓட்டினால், அந்த ஓர் அழைப்பைப் பொறுத்தவரை புது இயந்திரம் பழைய இயந்திரமாக நடிக்கும். தற்செயல் எண் தரும் கெட்ராண்டம் கெர்னல் 3.17இல் வந்தது, அதற்கும் இப்படியே. பிறகு அதே அழைப்புக்கு 1 கொடுத்தும் ஓட்டிப் பாருங்கள். கன்டெய்னரில் என்ன நடக்கும் என்று தெரியும். கிளைச் செயல்களையும் தொடரச் சொல்லும் விருப்பத்தை மறக்காதீர்கள். டெஸ்ட் ஓட்டி நிரலைக் கிளையாகத்தான் தொடங்கும்.

மெதுவாக ஓடும். இரவில் ஓடட்டும்.

ஜூலை 9, 2024

திருநகரிலிருந்து ஒரு சகோதரி: "படிக்க அனுமதியில்லாத கோப்பைத் திறந்தால் பிழை வர வேண்டும் என்ற டெஸ்ட் டாக்கரில் தோற்கிறது. கன்டெய்னர் கோப்பு அனுமதிகளை ஆதரிப்பதில்லையா?"

ஆதரிக்கிறது அம்மா. கன்டெய்னருக்குள் நீங்கள் ரூட்டாக ஓடுகிறீர்கள். ரூட்டுக்கு அனுமதி பிட்கள் தடையில்லை. இங்கே வசதி குறையவில்லை, அதிகாரம் கூடிவிட்டது. ரூட் என்றால் ஸ்கிப் என்று எழுதினாலும் தவறில்லை, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் எல்லா டெஸ்டும் கன்டெய்னரில்தான் ஓடுகின்றன என்றால் அந்த டெஸ்ட் எங்குமே ஓடாது. கன்டெய்னரில் சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்கி அவர் பெயரில் ஓட்டுவது நல்லது.

ஜூலை 20, 2024

ஸ்கிப்பா, எக்ஸ்ஃபெயிலா? ஒரு கல்லூரி மாணவர் கேட்டது. டெஸ்டை ஓட்டிப் பார்ப்பதிலேயே பொருளில்லை என்றால் ஸ்கிப். ஓட்டலாம், ஆனால் நம் நிரல் இன்னும் அதற்குத் தயாராகவில்லை, தோற்கும் என்று தெரியும் என்றால் எக்ஸ்ஃபெயில். பைடெஸ்டில் கண்டிப்பு விருப்பத்தையும் சேர்த்துப் போடுங்கள். அப்போது ஒருநாள் அந்த டெஸ்ட் தேறிவிட்டால் அதுவே தோல்வியாக அறிவிக்கப்படும், குறியை எடுக்க வேண்டிய நேரம் வந்தது தெரியும். மாற்று வழி எழுதி முடிக்காத டெஸ்ட்களுக்கு நான் இதைத்தான் வைக்கிறேன்.

ஆகஸ்ட் 5, 2024

அதே மாணவர், இப்போது விண்டோஸ். குறியிணைப்பு டெஸ்ட் அவருடைய மடிக்கணினியில் 1314 என்று தோற்கிறது. நண்பரின் மடிக்கணினியில், அதே விண்டோஸ் 10, தேறுகிறது. சிறப்புரிமை இல்லாமல் விண்டோஸில் குறியிணைப்பு உருவாக்க முடியாது. 2017இல் வந்த பதிப்பிலிருந்து டெவலப்பர் மோடை இயக்கினால் சாதாரணப் பயனருக்கும் முடியும். பைத்தான் 3.8 முதல் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. நண்பர் இயக்கியிருப்பார். கேட்டுப் பார்க்கும் முறை இங்கேயும் செல்லும்.

இன்னொன்று. களஞ்சியத்திலேயே குறியிணைப்பைச் சேர்த்து வைத்து அதை டெஸ்டில் பயன்படுத்தாதீர்கள். விண்டோஸில் களஞ்சியத்தைக் கையாளும் கிட், அதற்கான அமைப்பு அணைந்திருந்தால் குறியிணைப்புக்குப் பதிலாக, இலக்கின் பாதை எழுதிய சாதாரண உரைக்கோப்பு ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடும். பிழை எதுவும் வராது. உங்கள் டெஸ்ட் அதைத் திறந்து விலைப்பட்டியலுக்குப் பதிலாக ஒரு கோப்புப் பாதையைப் படித்து, "தங்கத்தின் விலை எண்ணாக இல்லை" என்று புலம்பும். டெஸ்ட் தொடங்கும்போதே இணைப்பை உருவாக்குங்கள், முடியாவிட்டால் 1314 என்று காரணம் எழுதி அங்கேயே ஸ்கிப் செய்யுங்கள்.